கமாண்ட் பிராம்ப்ட்: மீண்டும் டைப் செய்யாதீர்கள், திருத்துங்கள்!

எல்லா வேலைகளையும் மவுஸ் கொண்டே முடித்துக் கொள்ளலாம் என்னும்போது, கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் எதற்கு என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கேட்கின்றனர். இணைய இணைப்பைச் சோதிக்க, டிஸ்க்கில் பிழை உள்ளதா எனப் பார்க்க, ஒரே வகை ஃபைல்களை மொத்தமாகக் காப்பி செய்ய இன்றும் இது கை கொடுக்கிறது. விண்டோஸ் 11லும் இது இருக்கிறது. விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் ரன் பாக்ஸில் சிஎம்டி என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் திறக்கும்.

இதில் பெரிய தொல்லை என்ன? நீளமான கட்டளையில் ஓர் எழுத்து தவறினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. உடனே பலரும் முதலிலிருந்து டைப் செய்கின்றனர். அதற்குத் தேவையே இல்லை. 1981ல் வந்த டாஸ் முதல் பதிப்பிலேயே, முந்தைய கட்டளையை எஃப்3 கீ மூலம் திரும்பப் பெறலாம். 1991ல் வந்த எம்.எஸ். டாஸ் 5ல், டாஸ்கீ என்ற புரோகிராம் பல கட்டளைகளை நினைவில் வைத்துத் தந்தது. அந்த வசதிகள் இன்றும் தொடர்கின்றன.

பழைய கட்டளையைப் பெற

1. மேல் அம்புக்குறி கீயை அழுத்த அழுத்த, முன்பு கொடுத்த கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். தாண்டிச் சென்றுவிட்டால் கீழ் அம்புக்குறி.

2. கட்டளையின் முதல் சில எழுத்துகளை டைப் செய்து எஃப்8 அழுத்துங்கள். அந்த எழுத்துகளில் தொடங்கும் பழைய கட்டளைகள் மட்டும் வரும்.

3. எஃப்7 அழுத்தினால் பழைய கட்டளைகளின் பட்டியல் கிடைக்கும். இங்கு ஒரு எச்சரிக்கை. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் அது உடனே இயங்கிவிடும். வலது அம்புக்குறியை அழுத்தினால் இயங்காமல் வரியில் வந்து நிற்கும். திருத்திக் கொள்ளலாம்.

விண்டோவை மூடிவிட்டால் இந்தப் பட்டியலும் போய்விடும்.

வரியைத் திருத்த

4. ஹோம் கீ வரியின் தொடக்கத்திற்கும், எண்ட் கீ முடிவிற்கும் கர்சரைக் கொண்டு செல்லும்.

5. கண்ட்ரோல் கீயுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால், கர்சர் ஒவ்வொரு சொல்லாகத் தாவும்.

6. கண்ட்ரோல் + ஹோம், கர்சருக்கு முன்னால் உள்ள அனைத்தையும் நீக்கும். கண்ட்ரோல் + எண்ட், கர்சரிலிருந்து வரியின் முடிவு வரை நீக்கும்.

7. எஸ்கேப் கீ முழு வரியையும் அழித்துவிடும். சந்தேகம் வந்தால் இதைத்தான் முதலில் அழுத்த வேண்டும்.

8. ஃபோல்டர் பெயரின் முதல் சில எழுத்துகளை டைப் செய்து டேப் அழுத்துங்கள். மீதியை விண்டோஸ் நிரப்பிவிடும். பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிகளையும் அதுவே போட்டுவிடும். தவறான பெயர் வந்தால் மீண்டும் டேப்.

நான் பட்ட அனுபவம்

இவ்வளவு வசதியான கீகள் ஒரு நாள் எனக்கே வினையாக முடிந்தன. பென் டிரைவ் ஒன்றில் இருந்த வேண்டாத படங்களை நீக்க, 'டெல் *.ஜேபிஜி' என்ற கட்டளையைக் கொடுத்தேன். பின்னர் அதே விண்டோவில், உறவினர் திருமணப் படங்கள் இருந்த ஃபோல்டருக்குச் சென்றேன். படங்களைப் பட்டியலிட 'டிஐஆர்' கட்டளை தேவைப்பட்டது. முன்பே கொடுத்ததுதானே என்று மேல் அம்புக்குறியை இரண்டு முறை தட்டி, திரையைப் பார்க்காமலேயே என்டரை அழுத்தினேன். வந்திருந்தது 'டெல்' கட்டளை!

அந்தக் கட்டளையில் ஃபோல்டர் பெயர் இல்லை. எந்த ஃபோல்டரில் நிற்கிறோமோ அங்கே அது வேலை செய்யும். எல்லா ஃபைல்களையும் குறிக்கும் *.* கொடுத்தால் மட்டுமே 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். *.ஜேபிஜி என்றால் கேட்காது. டெல் நீக்கியவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. கேமராவின் மெமரி கார்டில் பாதிப் படங்கள் மிச்சம் இருந்தன. மீதிப் பாதி போனது போனதுதான்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இது. எதையாவது நீக்கும் முன், அதே ஃபைல்களை 'டிஐஆர்' கொண்டு பட்டியலிட்டுப் பார்க்கிறேன். பட்டியல் சரி என்றால் மேல் அம்புக்குறி, பிறகு ஹோம். டிஐஆர், டெல் இரண்டுமே ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சொற்கள். எனவே இன்சர்ட் கீயைத் தட்டிவிட்டு, பழைய சொல்லின் மேலேயே டெல் என எழுதிவிடலாம். கண்ணால் பார்த்த ஃபைல்கள் மட்டுமே நீங்கும். வேலை முடிந்ததும் ஆல்ட் + எஃப்7 அழுத்தி, பழைய கட்டளைகளின் பட்டியலைக் காலி செய்துவிடுகிறேன். ஆபத்தான கட்டளை அம்புக்குறியில் காத்திருக்காது அல்லவா?

லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களின் டெர்மினலிலும் அம்புக்குறிகளும் டேப் கீயும் இவ்வாறே உதவும். அங்கு வரியின் தொடக்கத்திற்குச் செல்ல கண்ட்ரோல் + ஏ, முடிவிற்கு கண்ட்ரோல் + இ, பழைய கட்டளையைத் தேட கண்ட்ரோல் + ஆர்.

மேலே சொன்ன கீகளில் திருத்துபவை எதுவும் உங்கள் ஃபைல்களைத் தொடாது. கட்டளையை இயக்குவது என்டர் மட்டுமே. எனவே வரியை ஒரு முறை முழுதாகப் படித்த பிறகே அதன் மேல் விரலை வையுங்கள்.