புறாக்கூண்டில் உறவுப் பொருத்தம்

தருமபுரியில் ஒரு வீட்டு மொட்டை மாடி. அங்கே ஒரு புறாக்கூண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் வளர்ந்த இருபது பந்தயப் புறாக்களைக் கூடையில் அடைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய், காலை 6 மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 250 கிலோமீட்டர். நல்ல பந்தயப் புறா மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். எதிர்க்காற்றும் மழையும் வல்லூறும் குறுக்கிடாவிட்டால் 10 மணியளவில் முதல் புறா மாடியில் வந்து இறங்கிவிடும்.

அப்படி முதலில் வந்தது ஒரு பெண் புறா. அடுத்த முறையும் அதுவே முதலில் வந்தது. வளர்ப்பவருக்கு ஆசை பிறக்கிறது: 'இதைப் போலவே இன்னும் பத்துப் புறாக்கள் வேண்டும்.' அதற்கு எந்த ஆண் புறாவை ஜோடி சேர்ப்பது? உலகெங்கும் பந்தயப் புறா வளர்ப்போரில் பலர் சொல்லும் விடை நம்மைச் சற்றே திடுக்கிட வைக்கும். 'அதன் உறவிலேயே பாருங்கள். மகனோ பேரனோ ஒன்றுவிட்ட சகோதரனோ இருந்தால் சேர்த்துவிடுங்கள்' என்பார்கள். இதை அறிவியலில் உட்கலப்பு என்கிறோம். இது எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது என்று பார்ப்போம்.

உறவில் ஜோடி ஏன்?

ஒரு குஞ்சு தன் மரபணுக்களில் ஏறக்குறையப் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. எனவே வென்ற புறாவின் மரபணுக்களில் மகனுக்குக் கிடைப்பது அரை. பேரனுக்குச் சராசரியாகக் கால். கொள்ளுப்பேரனுக்கு வெறும் அரைக்கால். ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியிலிருந்தே ஜோடி சேர்த்தால், சில ஆண்டுகளில் வெற்றி பெற்ற முன்னோரின் பங்கு கரைந்து போகிறது. புறா பிறந்து ஆறு ஏழு மாதங்களில் ஜோடி சேரும் பருவத்தை அடைந்துவிடுவதால் இந்தக் கரைப்பு வெகு விரைவில் நடக்கும். அதைத் தடுக்கவே வளர்ப்பவர் திரும்பத் திரும்ப அதே முன்னோரிடம் போய் ஜோடியைத் தேடுகிறார்.

பெல்ஜியத்தில் ஆரண்டாங்க் என்னும் ஊரில் வாழ்ந்த யான்சென் சகோதரர்கள் இம்முறையில் பெயர் பெற்றவர்கள். வெளிப் புறாக்களை மிக அரிதாகவே சேர்த்துத் தங்கள் வழியைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வந்தார்கள். புறாவின் வம்சத்துக்கு அந்நாட்டில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு செய்தி: 2020 நவம்பரில் 'நியூ கிம்' என்ற பெல்ஜியப் பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அந்த விலை இனி அது பறக்கப் போகும் பந்தயங்களுக்கு அன்று, இடப்போகும் முட்டைகளுக்கு.

மறைந்திருக்கும் கொண்டை

ஆனால் முன்னோரிடமிருந்து நல்லது மட்டுந்தானா வரும்? சில புறாக்களின் பிடரியில் இறகுகள் மேல்நோக்கித் திரும்பிக் கொண்டைபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கொண்டைக்கு ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாறுதலே காரணம் என்று அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். எந்த மரபணுவும் பொதுவாக இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. கொண்டை ஓர் ஒடுங்கு பண்பு. அதாவது இரண்டு பிரதிகளுமே மாறியிருந்தால்தான் கொண்டை தோன்றும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் புறாவின் தலை வழவழப்பாகவே இருக்கும். ஆனாலும் கொண்டைக்குரிய பிரதியை அது தன் குஞ்சுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கொண்டையால் தீங்கில்லை. ஆனால் முட்டையிலேயே குஞ்சு இறந்துபோவது, வளர்ச்சி குன்றுவது, நோயை எதிர்க்கும் ஆற்றல் குறைவது போன்ற தீமைகளுக்குக் காரணமான மரபணுக்களும் பெரும்பாலும் இப்படித்தான் ஒடுங்கிக் கிடக்கின்றன. புறாவானாலும் மனிதனானாலும் இத்தகைய சிலவற்றைச் சுமக்காத உயிர் அநேகமாக இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். கருப்பன் என்ற ஆண் புறாவுக்கு இரண்டு வெவ்வேறு பெண் புறாக்களிடம் ஒரு மகன், ஒரு மகள். கருப்பனிடம் ஒரு தீய பிரதி மறைந்திருக்கிறது. அது மகனுக்குப் போயிருக்க வாய்ப்பு அரை. மகளுக்கும் அரை. இருவரிடமும் இருக்க வாய்ப்பு கால். அந்த மகனையும் மகளையும் ஜோடி சேர்த்தால், இருவருமே அதைத் தங்கள் குஞ்சுக்குக் கொடுக்க வாய்ப்பு காலில் கால், அதாவது மாகாணி. கருப்பனின் மற்றொரு பிரதிக்கும் இதே கணக்கு. ஆகவே குஞ்சின் ஏதேனும் ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு பிரதிகளும் கருப்பனின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு இரண்டு மாகாணி, அதாவது அரைக்கால் அல்லது 12.5 சதவீதம்.

இதுவே உட்கலப்புக் கெழு. இதைக் கணக்கிடும் பொதுவழியை அமெரிக்க மரபியலறிஞர் சூவல் ரைட் 1922இல் வகுத்துக் கொடுத்தார். உடன்பிறந்த இரு புறாக்களைச் சேர்த்தாலும், தாயை மகனோடு சேர்த்தாலும் பிறக்கும் குஞ்சுக்கு இது 25 சதவீதம்.

கூடையின் தீர்ப்பு

ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். உட்கலப்பு எந்த மரபணுவையும் புதிதாகப் படைப்பதில்லை. இருப்பதை இரட்டிப்பாக்கி வெளியே கொண்டுவருகிறது. நல்லதையும் கொண்டுவரும், கெட்டதையும் கொண்டுவரும். பின் அந்தச் சகோதரர்களின் கூண்டில் அது எப்படிப் பலன் தந்தது? விடை கூடையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புறாக்கள் கூடையில் ஏறித் தொலைவிலிருந்து பறந்து வர வேண்டும். வராதவை போயின, பின்தங்கியவை ஒதுக்கப்பட்டன, தேறியவை மட்டும் ஜோடி சேர்ந்தன. ஈவிரக்கமற்ற இந்தக் கழிப்புத்தான் உட்கலப்பின் மறுபாதி.

கழிப்பு இல்லாமல் தொடர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை 1906 முதல் கினிப்பன்றிகளில் உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துப் பார்த்தது. அந்தக் கணக்குகளைப் பின்னர் ஆராய்ந்தவரும் சூவல் ரைட்தான். பொதுவில் குட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் நோய் தாங்கும் ஆற்றலும் குறைந்தன. பல குடும்பங்கள் அற்றே போயின. ஆனால் எஞ்சிய இரு வேறு குடும்பங்களைக் கலந்தபோது இழந்த வீரியம் பெருமளவு திரும்பியது. ஒரு குடும்பத்தின் குறையை மற்றதன் நல்ல பிரதி மறைத்துவிடுவதே காரணம். அதனால்தான் தேர்ந்த புறா வளர்ப்போரும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை வெளிப் புறாவைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

டார்வினின் கவலை

சார்லஸ் டார்வின் 1855 முதல் தம் வீட்டில் புறா வளர்த்தார். லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களிலும் சேர்ந்தார். 1859இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே புறாக்கள் வருகின்றன. அவர் 1839இல் மணந்த எம்மா அவருடைய மாமன் மகள். பிறந்த பத்துக் குழந்தைகளில் மூவர் இளமையிலேயே இறந்தனர். தம் திருமணம் காரணமாக இருக்குமோ என்ற கவலை அவரை விடவில்லை. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆலம்பாடி மாடுகள்

இதே கணக்கு நம் தருமபுரியின் காட்டோரத்திலும் நிற்கிறது. பென்னாகரம் வட்டாரத்துக்குரிய ஆலம்பாடி இன மாடுகள் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனவை. டிராக்டர் வந்தபின் அவற்றின் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இவற்றைக் காப்பதற்கென்றே தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது.

சுருங்கிய இனத்தில் பசுக்களைவிடக் காளைகளின் எண்ணிக்கையே முக்கியம். 100 பசுக்களுக்கு ஒரே காளை என்றால் ஒரு தலைமுறையில் உட்கலப்பு சுமார் 12.6 சதவீதம் ஏறும். ஒன்றுக்கொன்று உறவில்லாத 10 காளைகள் இருந்தால் ஏறுவது 1.4 சதவீதம் மட்டுமே. புறா வளர்ப்பவரைப் போல இங்கே கழித்துக்கொண்டே போக முடியாது. கழித்தால் இனமே மிஞ்சாது. எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்று எழுதி வைப்பதும், காளைகளை ஊர்விட்டு ஊர் மாற்றுவதுமே வழி.

நம் வீட்டில்

உறவுத் திருமணம் இந்தியாவின் பல பகுதிகளைவிடத் தமிழ்நாட்டில் இன்றும் மிகுதி. சொத்து சிதறாது, பெண் தெரிந்த வீட்டில் இருப்பாள் என்ற எண்ணங்கள் அதன் பின்னே உள்ளன. மாமன் மகளை அல்லது அத்தை மகனை மணந்தால் குழந்தையின் உட்கலப்புக் கெழு 6.25 சதவீதம். அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் 12.5 சதவீதம், கருப்பனின் பேரக்குஞ்சுக்கு நாம் கண்ட அதே அரைக்கால்.

இதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் அதே குடும்பத்துக்குள் தலைமுறைதோறும் திருமணம் தொடர்ந்தால் ஆபத்து கூடிக்கொண்டே போகும். 'இருவர் இரத்தப் பிரிவும் வேறு. அதனால் பயமில்லை' என்று சிலர் சொல்வது தவறு. இரத்தப் பிரிவைத் தீர்மானிப்பவை ஒன்றிரண்டு மரபணுக்கள். நம்மிடம் இருப்பவையோ சுமார் 20,000.

குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால் தாயைப் பழிப்பதும் அறியாமை. ஒடுங்கு பண்பு வெளிப்பட வேண்டுமானால் ஒரு பிரதி தந்தையிடமிருந்தும் வந்தாக வேண்டும் அன்றோ? குடும்பத்தில் முன்பே செவிடு, மனவளர்ச்சிக் குறை, இளவயது மரணம் போன்றவை இருந்தால், பத்திரிகை அடிக்கும் முன்பே மருத்துவரிடம் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது.

புறா வளர்ப்பவர் உறவில் ஜோடி சேர்க்கலாம். தேறாததை ஒதுக்கிவைக்க அவருக்குக் கூடை இருக்கிறது. நம் வீட்டுத் தொட்டிலில் பிறக்கும் எந்தக் குழந்தையும் ஒதுக்குவதற்குரியது அன்று. ஆகவே பொருத்தம் பார்க்கும்போதே நாம் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.