விரல் நுனியில் முழவு

தமிழர் வாழ்வில் முழவொலி கலவாத நிகழ்ச்சி அரிது. மணத்திலும் மரணத்திலும், கோயில் விழாவிலும் கூத்துக் களரியிலும் தோற்கருவிகளே முன்னிற்கின்றன. இற்றை நாளிலோ அவ்வொலி தோலின்றியும் பிறக்கின்றது. கணினியொன்றும் சிறு தட்டுப்பலகையொன்றும் உடைய இளைஞன், தன் வீட்டறையில் இருந்தவாறே ஒரு பாட்டுக்கு வேண்டிய தாளம் முழுவதையும் அமைத்துவிடுகின்றான். இக்கலையில் நாட்டமுள்ள மாணவர் பொருட்டு அதன் இயல்பையும், அதனால் நம்மூர்க்கு ஆகக்கூடிய பயனையும் ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இக்கருவிகளின் வரலாறு நெடியதன்று. மெய்யான முழவொலிகளைப் பதிந்து எண்வடிவில் உள்ளடக்கிய முதற்பொறியாகிய எல்.எம்.-1 என்பதை, அமெரிக்கரான றொஜர் லின் 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார். இசைப்பொறிகள் ஒன்றோடொன்று பேசுதற்குரிய பொதுமொழியாகிய மிடி 1983இல் வழக்குக்கு வந்தது. 1988இல் அக்காய் நிறுவனத்தின் எம்.பி.சி.60 என்னும் பொறி, நிரைக்கு நான்காகப் பதினாறு றப்பர்ச் சதுரங்களோடு தோன்றிற்று. இன்றைய தட்டுப்பலகைகள் பலவும் அவ்வமைப்பையே பின்பற்றுவன. தமிழ்த் திரையிசையிலே, சென்னையில் தம் இல்லத்தோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்ட ஏ. ஆர். ரகுமான், 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ வாயிலாக இத்தகைய கருவிகளின் ஆற்றலை நாடறியச் செய்தார்.

தட்டுப்பலகை தானாக ஒலிப்பதில்லை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். விரல் பட்டதும், எந்தச் சதுரம், எவ்வளவு வலிமை என்னும் இரண்டையும் அது எண்களாகக் கணினிக்கு அறிவிக்கின்றது. வலிமைக்குரிய எண் 1 முதல் 127 வரையாகும். கணினியிலுள்ள மென்பொருளே அவ்வெண்ணுக்கேற்ற ஒலித்துண்டை எடுத்து ஒலிக்கச் செய்கின்றது. ஹைட்ரஜன் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைத்தலின், பொருள் முட்டுப்பாடுடைய மாணவரும் இதனைப் பயிலலாம்.

தொடங்குவோர் இடர்ப்படுவன இரண்டு. ஒன்று தாமதம். கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதியாகச் சேர்த்தே வெளிவிடும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியில், தொகுதி 2,048 மாதிரியாயின், அதனால் மட்டுமே ஏறத்தாழ 46 மில்லிவினாடி தாமதம் உண்டாகும். இது பதினாறு மீற்றருக்கு அப்பாலுள்ள முழவைக் கேட்பது போன்றது. தொகுதியை 256 ஆகக் குறைப்பின் தாமதம் ஆறு மில்லிவினாடிக்குள் அடங்கும். வாசிக்கும்போது குறைத்தும், பின்னர்ச் செப்பனிடும்போது கூட்டியும் வைத்துக்கொள்ளுதல் நன்று.

மற்றையது, பிசகிய தட்டுகளைத் தாளக் கட்டங்களுக்குள் தானே இழுத்து நிறுத்தும் குவாண்டைஸ் என்னும் வசதி. அதனை முற்றாகப் பயன்படுத்தினால் வாசிப்பு உயிரிழந்துவிடும். அன்றியும், மென்பொருள் பெரும்பாலும் நான்கின் மடங்கான கட்டங்களையே முதலில் விரித்துக் காட்டும். அதனையே இயற்கையெனக் கொள்ளலாகாது. மிச்ர சாபு வேண்டுவோர் ஏழாகவும், கண்ட நடை வேண்டுவோர் ஐந்தாகவும் கட்டங்களை மாற்றிக்கொள்ளலாம். கூத்தில் ஆட்டம் முறுக முறுகத் தாளமும் விரையுமன்றோ? அதற்கேற்பக் காலத்தைப் படிப்படியே ஏற்றுதற்கும் பல மென்பொருள்களில் வழியுண்டு.

இனி, யாம் வற்புறுத்த விழைவது ஒன்றுண்டு. இம்மென்பொருள்களோடு வரும் ஒலிகளுள் மிகுதியானவை மேனாட்டு டிறம் ஒலிகள். வடமோடி தென்மோடிக் கூத்துகளின் மத்தளத்தையும் சல்லரியையும், பறைமேளக் கூத்தின் பறையையும், கோயிலில் ஒலிக்கும் உடுக்கையையும், பக்கீர் பாவாமாரின் றபானையும், களிகம்பாட்டத்தில் கோல்கள் மோதும் ஓசையையும் அவற்றுட் காண்டல் அரிது. கல்முனைக் கரையில் இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒருவர் முழவை மற்றவர் கேட்டே வளர்ந்தனர். இரவல் ஒலிகளையே நம் பிள்ளைகள் கையாளுவராயின், அவர்தம் பாட்டு எவ்வூரிலும் பிறந்திருக்கக் கூடியதாய் முடியும்.

இக்குறையை நீக்குதல் எளிது. அமைதியான அறையில், மின்விசிறியை நிறுத்தி, மழைக்கால ஈரத்தால் தளர்ந்த தோலை இளஞ்சூட்டில் விறைப்பாக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிதல் வேண்டும். ஒரே அடியை மெல்லவும் இடைநிலையிலும் ஓங்கியும், ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை பதிந்தால், விரலின் வலிமைக்கேற்ப ஒலி மாறும். எந்திரத் தன்மையும் மறையும். அடியின் நாதம் முற்றும் அடங்கும் வரை பதிவை நிறுத்தலாகாது. மத்தளத்தின் இரு முகங்களின் அடிகளும் பதினாறு சதுரங்களுள் அமைந்துவிடும். வாசித்த அண்ணாவியாரிடமோ பாவாவிடமோ முன்னரே இசைவு பெற்று, தக்க சன்மானம் அளித்து, அவர் பெயரையும் ஊரையும் பதிவோடு எழுதிவைத்தல் நம் கடன். கலைஞன் பெயர் மறைய ஒலி மட்டும் ஊர்சுற்றுதல் அறமன்று.

கல்முனைக்கு அணித்தாகிய காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இயல்பைப் பழைய நூற்சான்றுகளாலும் கணித முறையாலும் பல்லாண்டு ஆராய்ந்து ‘யாழ்நூல்’ யாத்தனர். அது 1947இல் அரங்கேறிய சில வாரங்களில் அடிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார். யாழ் ஒலித்த நாளில் அதனைப் பதிந்துவைக்க வழியில்லை. ஆதலின் ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளின் பல்லாண்டுகளை அதற்கு ஈயவேண்டியதாயிற்று. நமக்கோ வழி உண்டு, முழவும் உண்டு, அதனை முழக்கும் முதியோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். கருவி வாங்கும் வசதியுடைய பழைய மாணவர் கல்லூரிக்கு அதனை உதவுக. மாணவர் அம்முதியோரை நாடிச் செல்க. நாளை ஒருவர் நம் மத்தளத்தின் ஓசையைக் கணக்கிட்டு ஊகிக்கும் நிலை வாராதொழிக.