உங்களுக்குத் தெரியுமா? சிறுவர்கள் செய்த கேமரா!

‘ஃபெட்’ என்ற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் பெயர், சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். உக்ரைனின் கார்கிவ் நகரில் அவர் பெயரால் ஒரு சிறுவர் இல்லம் இருந்தது. கல்வியாளர் அன்டன் மகரென்கோ நடத்திய இல்லம் அது. தெருவில் திரிந்த பிள்ளைகள் அங்கே தொழில் கற்று, 1934 முதல் இந்த கேமராவைத் தயாரித்தார்கள். மாதிரி, 1932இல் வந்த ஜெர்மன் லைக்கா 2. அச்சு அசல் நகல்தான். ஆனாலும் அந்தப் பிஞ்சுக் கைகளின் நேர்த்தியை மெச்சாமல் இருக்க முடியாது! பின்னாளில் பல ஃபெட்களில் ‘லைக்கா’ என்று பொறித்து ஏமாற்றி விற்றார்கள். வாங்குவோர் உஷார்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக, மங்கலான நிழலுரு நகர்ந்து வந்து நிஜ உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் ஃபோகஸ் கச்சிதம்.

இந்தக் கண்ணாடி லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. எனவே லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி பளிச்சென்றே தெரியும். ஃபிலிமில் ஒன்றும் விழாது. வேலை முடிந்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள். ஷட்டர் வெறும் துணித்திரை. லென்ஸ் குவிக்கும் வெயில் அதில் ஓட்டை போட்டுவிடும்.