விகுதி ஒலிக்காத வினைகள்

நாரந்தனையில் ஒருவர் “வாறன்” என்று குரல் கொடுத்தால், வருபவர் அவரே. “வாறான்” என்றால் வருபவன் வேறொருவன். ஈற்றிலே நிற்கும் குறிலும் நெடிலுமே இவ்விருவரையும் பிரித்துக் காட்டுகின்றன. நான், அவன் என்னும் எழுவாய்கள் வேண்டியதில்லை. வினைமுற்றின் விகுதியே இடமும் எண்ணும் பாலும் உணர்த்திவிடும் என்பது நம் இலக்கணம் கற்பிக்கும் பாடம்.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடபுலத்தாரும் தீவகத்தாரும் பலர் பிரான்சு நாட்டில் குடியேறினர். அந்நாட்டுக் குடியுரிமை வேண்டுவோர் பிரெஞ்சு மொழியறிவை மெய்ப்பித்தாக வேண்டும். விகுதியையே நம்பிப் பழகிய செவிக்கு அங்கே ஓர் இடர் காத்திருக்கிறது. பேசுதலைக் குறிக்கும் வினையை எடுத்துக்கொள்வோம். (பிரெஞ்சு ஒலிகளைத் தமிழெழுத்தில் ஒருவாறே காட்ட இயலும்.) நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு எழுவாய்க்கும் நிகழ்காலத்தில் ‘பார்ல்’ என்ற ஓரசையே ஒலிக்கும். ஏட்டில் விகுதிகள் வேறுபடும். வாயிலே அவை மறைந்துவிடும். ஆதலால் ‘ஜெ’, ‘த்யூ’, ‘இல்’ என்னும் எழுவாயை விட்டுவிட்டால் பேசுபவர் யாரென்று விளங்காது. அவனைக் குறிக்கும் ‘இல்’லும் அவர்களைக் குறிக்கும் ‘இல்’லும் இங்கே ஒன்றுபோல ஒலிப்பது வேறொரு தொல்லை!

நாம், நீங்கள் என்பவற்றுக்கு மட்டும் ‘பார்லோன்’, ‘பார்லே’ என விகுதி தனி அசையாக ஒலிக்கிறது. (ஈற்று னகரம் மூக்கொலியின் அடையாளமே.) இவ்வசையின் செல்வாக்குப் பெரிது. வருதலைக் குறிக்கும் வினை ‘நான்’ என்பதற்கு ‘வியேன்’ என்றும், ‘நாம்’ என்பதற்கு ‘வெனோன்’ என்றும் வரும். பகுதி ஏன் மாறியது? பிரெஞ்சின் தாயாகிய இலத்தீனில், முன்னதிலே அழுத்தம் பகுதியின்மேல் விழுந்தது. பின்னதிலே விகுதிக்கு நகர்ந்தது. அழுத்தம் பெற்ற எகரம் காலப்போக்கில் ‘இயெ’ எனத் திரிந்தது. பெறாதது திரியாமல் மெலிந்தது. மாணவர் விதிவிலக்கென்று மனனம் செய்யும் வினைகள் பல இவ்வகையினவே. ‘வா’ என்னும் நம் பகுதியும் ‘வந்தான்’ என்பதில் குறுகுகிறது. ஆனால் அக்குறுக்கத்துக்கு அழுத்தம் காரணமன்று. இன்றைய பிரெஞ்சிலோ அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் நிற்கும். அது பொருளை வேறுபடுத்துவதில்லை.

1847இல், பிரான்சிலே தோன்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணத்தில் பணிபுரிய அவர்கள் தமிழ் கற்க வேண்டியதாயிற்று. குறில் நெடிலால் வினையின் இடத்தைப் பிரித்தறியாத அவர்தம் செவிக்கு, வாறன், வாறான் இரண்டும் முதலில் ஒன்றாகவே கேட்டிருக்கலாம்.