பாலையில் பொன் பூக்கும் காலம்

பாலைவனம் என்றதும் சுட்டெரிக்கும் வெயிலும் மணற்குன்றுகளும்தாம் நம் நினைவுக்கு வரும். அங்கே சென்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றும். ஆயினும், சீனாவின் வடமேற்கில் உள்ள தக்லமாகான் பாலைவனத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் பயணிகள் பலர் செல்கின்றனர். இப்பாலைவனத்தின் பரப்பளவு ஏறத்தாழ 330,000 சதுரக் கிலோமீட்டர். அதாவது, மலேசியாவின் பரப்பளவுக்கு இணையானது.

அங்குப் பயணம் செய்ய இலையுதிர்காலமே ஏற்ற பருவமாகும். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிர்காலத்திலோ உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடும். வசந்தகாலத்தில் மணற்புயல் வீசும். அக்டோபர் மாதத்தில் காற்று அடங்கி, வானம் தெளிந்திருக்கும். பகலில் இதமான வெயில் அடிக்கும். இரவில் விண்மீன்கள் கண்ணைக் கவரும். பாலைவனச் சோலைகளில் உள்ள ஊர்களில் மாதுளையும் இலந்தையும் பழுத்துக் குலுங்கும்.

இப்பருவத்தின் தனிச்சிறப்பு பாலைவனப் பாப்லர் மரங்களாகும். தாரிம் ஆற்றின் கரையோரம் இவை காடாக வளர்ந்துள்ளன. குளிர் தொடங்கும்போது இலைகளில் உள்ள பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. அப்போது காடு முழுவதும் பொன்னால் வேய்ந்ததுபோல் காட்சி தரும். ஒரே மரத்தில் குறுகிய இலைகளையும் அகன்ற இலைகளையும் காணலாம். இம்மரத்தின் வேர்கள் நிலத்தடி நீரைத் தேடி ஆழமாகச் செல்லும். உறிஞ்சிய உப்பை மரம் தன் தண்டின் வழியே வெளியேற்றும். அதனை ‘மரத்தின் கண்ணீர்’ என்று மக்கள் கூறுவர்.

முற்காலத்தில் இப்பாலைவனத்தின் ஓரமாகவே பட்டுப்பாதை வணிகர்கள் சென்றனர். காஞ்சிபுரத்தைப் பற்றித் தம் பயண நூலில் எழுதிய யுவான் சுவாங்கும், ஏழாம் நூற்றாண்டில் இதன் தெற்கு ஓரமாகவே நாடு திரும்பினார். இன்றோ பாலைவனத்தின் நடுவே நெடுஞ்சாலை ஒன்று செல்கிறது. 1995ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சாலையின் நீளம் ஏறத்தாழ 522 கிலோமீட்டர். மணல் சாலையை மூடிவிடாமல் இருக்க, இருபுறமும் செடிகளை வளர்த்துள்ளனர். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு ஒரு கிணறு என அமைத்து, உப்பு கலந்த நிலத்தடி நீரைச் சொட்டுநீர்க் குழாய்கள்வழி அவற்றுக்குப் பாய்ச்சுகின்றனர்.

எனினும், இந்த அழகு ஒரு காலத்தில் அழியும் நிலைக்குச் சென்றது. மலைகளின் பனி உருகி வரும் நீரே தாரிம் ஆற்றுக்கு உயிர். மேல்பகுதியில் வேளாண்மைக்காக அந்நீரை மிகுதியாக எடுத்தனர். 1970களில் அணையும் கட்டப்பட்டது. அதனால், கீழ்ப்பகுதியில் 300 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்கு ஆறு வறண்டது. நிலத்தடி நீர் கீழிறங்கியதால் மரங்கள் பட்டுப்போயின. 2000ஆம் ஆண்டு முதல் அப்பகுதிக்கு நீரைத் திறந்துவிட்டு வருகின்றனர். அதன் பயனாக, பட்டுப்போனவை எனக் கருதிய மரங்கள் சிலவும் மீண்டும் துளிர்த்தன.

இயற்கைக்கு உரிய நீரை இயற்கைக்கே விட்டுக்கொடுத்ததால்தான் அங்கு இலையுதிர்காலம் இன்றும் பொன்னிறமாக வருகிறது. பாலைவனத்தின் அழகைக் காணச் செல்வோர் இந்த உண்மையையும் உணர்ந்து திரும்புவது சிறப்பாகும்.