வக்கீல் அல்லாத சட்டத் துணைவர்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தபொழுது, முதிய அங்கத்தினர் ஒருவர் கையில் மஞ்சள் பையுடன் என்னிடம் வந்தார். தம் பங்காளி வாங்கிய கடனுக்கு அவர் ஜாமீன் நின்றிருந்தார். தவணை தவறியதால், கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்கீழ்த் தாவா தொடரப்பட்டு, கடன் வாங்கியவர், ஜாமீன்தார் ஆகிய இருவர் பேரிலும் தீர்ப்பாகிவிட்டது. விசாரணைக்கு இவர் போகவே இல்லை.

“ஏன் போகவில்லை, பெரியவரே?” என்று கேட்டேன்.

“கடன் வாங்கினவன் அவன்தானேங்க ஐயா, என்னை எதற்குக் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

பதிவுத் தபாலில் வந்த நோட்டீசைக் கையெழுத்திட்டு வாங்கி, பிரிக்காமலே தறிக்கு அருகில் சுவர் மாடத்தில் வைத்துவிட்டாராம். பையைக் கவிழ்த்துப் பார்த்தால், பங்காளிக்காக அவரே சங்கத்தில் கட்டிய இரண்டு தொகைகளுக்கு ரசீதுகள் இருந்தன. அவை தீர்ப்புத் தொகையில் கழிக்கப்படவில்லை. மேல்முறையீட்டுக்குரிய கெடுவோ கடந்துபோயிருந்தது. ரசீதுகளைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். உடனே ஒரு வக்கீலைப் பார்க்கும்படியும் சொன்னேன். அதற்கு மேல் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தபால் வந்த அன்றே யாரேனும் ஒருவர் அதைப் படித்து, “இன்ன தேதிக்குள் இன்ன இடத்துக்கு இந்த ரசீதுகளுடன் போக வேண்டும்” என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு வக்கீல் தேவையில்லை; ஆனால் விஷயம் தெரிந்தவர் ஒருவர் தேவை.

அத்தகையவரைப் பயிற்றி எடுப்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு முறையான படிப்பாகவே அமைத்திருக்கிறார்கள். அதற்கு இடமாயிருப்பவை பெரிய சர்வகலாசாலைகளைவிட, சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் உள்ளூர்க் கல்லூரிகளே. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியின் தொடர்ச்சியாகத் தோன்றிய கல்லூரியே இன்றுள்ள பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம், குறைந்த சம்பளம், பகலில் வேலை பார்ப்போருக்கு மாலை வகுப்பு என்பவை இக்கல்லூரிகளின் இலக்கணம். நாற்பது வயதில் புதிதாக ஒரு தொழில் கற்க வரும் தாய்மாரும் அங்கே பெஞ்சில் அமர்ந்திருப்பதில் வியப்பில்லை.

1960-களின் பிற்பகுதியில் வக்கீல் கட்டணம் சாமானியருக்கு எட்டாத நிலையில், வக்கீலின் மேற்பார்வையில் ஆயத்த வேலைகளைச் செய்யும் ‘பாரா லீகல்’ என்னும் சட்டத் துணைவர்கள் பெருகினர். அமெரிக்க வக்கீல்கள் சங்கம் 1968-இல் இதற்கென ஒரு குழுவை நியமித்து, 1973-இல் பயிற்சிக்கான நெறிமுறைகளை வகுத்தது. அந்நெறிமுறைகளின்படி அங்கீகாரம் பெற்ற படிப்பு 60 செமஸ்டர் அலகுகளுக்குக் குறையாதது. அதில் 18 அலகுகளேனும் சட்டப் பாடங்களாக இருத்தல் வேண்டும். முழுநேரம் படித்தால் இரண்டு ஆண்டுகள். முன்னரே பட்டம் பெற்றவர்கள் சட்டப் பாடங்களை மட்டும் படித்துச் சான்றிதழ் பெறுவதும் உண்டு.

என்ன படிக்கிறார்கள்? ஒப்பந்தம், சொத்து, குடும்பச் சட்டம், உயில், சிவில் வழக்கு நடைமுறை ஆகியவற்றோடு, முன் தீர்ப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதும், மனுக்களை வரைவதும் பாடங்கள். வழக்குக் கட்டைத் தேதிவாரியாக அடுக்குவது, சாட்சியிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொள்வது, கெடு நாட்களைக் காலண்டரில் ஏற்றி அவை தவறாமல் பார்ப்பது ஆகியவை கையால் செய்து கற்கவேண்டியவை. பல கல்லூரிகளில் இதற்காக ஒரு வக்கீல் அலுவலகத்திலோ இலவசச் சட்ட உதவி நிலையத்திலோ பயிலச் செய்கிறார்கள். கணக்கெழுதுவோருக்கு இது புதிதாகத் தோன்றாது. நாள்பேரேடு சரியாக இல்லாத சங்கம் எப்படித் தணிக்கையில் திணறுமோ, அப்படியே தேதி தவறிய வழக்கும் திணறும்.

எதைச் செய்யக்கூடாது என்பதையும் அழுத்தமாகவே கற்பிக்கிறார்கள். கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை கூறுதல், கட்டணம் நிர்ணயித்தல், கோர்ட்டில் வாதாடுதல் ஆகியவை வக்கீலுக்கு மட்டுமே உரியவை. சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை போன்ற சில நிர்வாக விசாரணைகளில் மட்டும் வக்கீல் அல்லாதவரும் மனுதாரருக்காக ஆஜராகலாம். கலிபோர்னியா மாநிலத்தில் 2001 முதல், வக்கீலின் மேற்பார்வையின்றித் தம்மைப் பாரா லீகல் என்று கூறிக்கொள்வதே சட்ட விரோதம். வக்கீல்கள் தம் வேலியைக் காக்கவே இவ்வளவு கண்டிப்பு என்று சொல்வோரும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு என்பதே என் அபிப்பிராயம். வாஷிங்டன் மாநிலம் 2012-இல், குடும்ப வழக்குகளில் தனித்து உதவுவதற்கு வக்கீல் அல்லாதவர்க்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்கத் துணிந்தது. 2020-இல் அத்திட்டத்தைப் புதியவர்களுக்கு மூடிவிட முடிவு செய்தது. அரிசோனா மாநிலமோ 2021-இல் அதே போன்ற வாசலைத் திறந்தது.

சேர விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வக்கீல்கள் சங்கம் அங்கீகரிப்பது கல்லூரியின் படிப்பை மட்டுமே. தனிமனிதருக்கு அது சான்று தருவதில்லை. அங்கீகாரம் கட்டாயமும் அன்று. இதை மறைத்துக் கவர்ச்சியாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள் எங்கும் இருக்கக்கூடும்.

நம் நாட்டில் ஏற்பாடு வேறு. அரசியலமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்ட 39-ஏ விதி, வறுமையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்கிறது. அதன் வழியில் 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் நாள் அமலுக்கு வந்தது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கிற்று. அமெரிக்கத் துணைவர் வக்கீல் அலுவலகத்தில் ஊதியத்துக்கு உழைப்பவர். நம் தன்னார்வலர் ஊரில் இருந்துகொண்டு, மக்களுக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கும் இடையே பாலமாயிருப்பவர். பணிசெய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. மக்களிடம் காசு வாங்கக்கூடாது. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சுய உதவிக் குழுவினர் எவரும் வரலாம்.

இப்பயிற்சி அமெரிக்கக் கல்லூரிப் படிப்பைப் போல் நீண்டதன்று. அதுவே இதன் குறை. கடன் பத்திரம், ஜாமீன், கூட்டுறவுத் தாவா ஆகியவற்றை நம் சங்கங்களே உறுப்பினர் கல்வி வகுப்புகளில் தனியாகக் கற்பிக்கலாம். எனினும் தன்னார்வலர் அறிந்திருக்கும் சில செய்திகளே நம் அங்கத்தினர் பலருக்குத் தெரியாதவை. பெண்களும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரும் தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி கோரலாம். சட்டம் குறிப்பிடும் இத்தகைய பிரிவுகளில் சேராதவர்க்கு வருமான வரம்பு உண்டு. லோக் அதாலத்தில் சமரசமான வழக்குக்குக் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் முடிவு டிக்கிரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. ஆகையால் கையெழுத்திடுமுன் படித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் உதவி கோரலாம்.

இவ்வாண்டு மீண்டும் அந்தச் சங்கத்துக்குச் சென்றேன். முதியவரின் வழக்கு இன்னும் முடியவில்லை. கெடு கடந்ததற்குக் காரணம் காட்டி வக்கீல் மனுச் செய்திருக்கிறார். அவருடைய மருமகள் தன்னார்வலர் பயிற்சிக்காக மாவட்ட ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். மாடத்தில் கிடந்த தபால்களையெல்லாம் எடுத்துப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, பாவு நூலில் கோத்து வைத்திருந்தார். அவற்றுள் மின்வாரிய நோட்டீசு ஒன்று இருந்தது. அதன் கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருப்பதாக அவரே எனக்குக் காட்டினார்.