பொத்தானின் நிறமா, பண்டிகையா?

ஒரு சிறிய கடை இணையதளம் மூலம் துணி விற்கிறது. கடைக்காரர் ‘வாங்கு’ என்னும் பொத்தானின் நீல நிறத்தைப் பச்சையாக மாற்றினார். அடுத்த வாரம் விற்பனை இருமடங்காயிற்று. பச்சை நிறமே காரணம் என்று நம்பி, விளம்பரங்களையும் பச்சையாக்கப் பணம் செலவிட்டார். ஆனால் அது தீபாவளி வாரமாயிற்றே! உண்மைக் காரணத்தை எப்படி அறிவது?

இதே சிக்கல் வயல்களிலும் இருந்தது. உரமிட்ட பாத்தியில் விளைச்சல் மிகுந்தால், காரணம் உரமா, அங்கிருந்த நல்ல மண்ணா? இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் இதற்கு வழி கண்டார். எந்தப் பாத்திக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், நல்ல மண் ஒரு பக்கமே சேர்ந்துவிடாது அல்லவா?

கடைக்காரரும் இதையே செய்யலாம். ஒரே வாரத்தில் வருவோரில் பாதிப்பேருக்கு நீலம், மீதிப்பேருக்குப் பச்சை. யாருக்கு எது என்பதைக் கணிப்பொறி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். பண்டிகை இரு பிரிவினருக்கும் பொதுவாகிவிடும். நிறத்தைத் தவிர வேறெதையும் மாற்றக்கூடாது.

பிரிவுக்கு 1,000 பேர் வந்து, நீலத்தில் 30 பேரும் பச்சையில் 33 பேரும் வாங்கினால்? அவசரப்படாதீர்கள், அது தற்செயலாக இருக்கலாம். 20 பேரும் 40 பேரும் என்றால், தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுங்கள். 7 முறை தலை விழுந்தால் வியப்பில்லை. 1,000 முறை சுண்டி 700 முறை தலை விழுந்தால், அந்த நாணயத்தைச் சந்தேகியுங்கள்!